டீன் ஐயா, கறுப்பும் வெள்ளையும் வாங்கித் தாருங்கள்

மதிப்பிற்குரிய டீன் ஐயாவுக்கு,

வணக்கம். சளி உறிஞ்சும் குழாயான சக்‌ஷன் கதீட்டர் வாங்க நோயாளியின் வீட்டுக்காரரை வெளிக்கடைக்கு அனுப்பியது ஏன் என்று கேட்டு எனக்கு மெமோ வந்திருக்கிறது. ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் ஐசியூ இண்டென்ட் புத்தகத்தில் மூன்று மாதமாக 'கைவசம் இல்லை' என்று எழுதி வருவது உங்களுக்குத் தெரியாததல்ல, அதன் கீழேதான் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் நேராகச் செவ்வாய் இரவுக்கு வருகிறேன்.

ஆறாம் கட்டில் அம்மாவுக்கு மூச்சுக்குழாயில் 7 எண் டியூப், அதாவது உள்விட்டம் 7 மில்லிமீட்டர். உள்ளே விடும் சக்‌ஷன் கதீட்டர் அதன் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, அடைத்தால் சளியோடு நுரையீரலில் இருக்கும் காற்றையும் சேர்த்து உறிஞ்சிவிடும். 7 மில்லிமீட்டரில் பாதி மூன்றரை, அதற்கு 10 எண் கதீட்டர், அளவைக் காட்டும் முனை நிறம் கறுப்பு, சரியாக இருக்கும். ஸ்டோரில் இருந்ததோ பச்சை, 14 எண், கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர். இரவு 2 மணி, வென்டிலேட்டர் கத்துகிறது, டியூபுக்குள் சளி கொரகொரவென்று கேட்கிறது, சீட்டு எழுதி அந்த அம்மாவின் வீட்டுக்காரரை அனுப்பினேன். 20 நிமிடம் பார்த்தேன், அதற்கு மேல் முடியாமல் பச்சையையே போட்டேன். 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்துவிட்டுத்தான் போட்டேன், 15 நொடிகூட ஆகவில்லை, 96 இருந்த சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 81க்கு வந்தது, நாடித்துடிப்பு 50க்குக் கீழே. கையால் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தி மீட்டோம். அப்புறம்தான் அந்த மனுஷன் மூச்சிரைக்க வந்து கதவிடுக்கில் உறையை நீட்டினார். உள்ளே ஆரஞ்சு, 16 எண்! "எல்லாம் சளி எடுக்கிற குழாய்தானே" என்றாராம் கடைக்காரர். நம் ஸ்டோரிலும் இதே பதில்தான் என்பதால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வென்டிலேட்டரைக் கழற்றாமலே சளி எடுக்கும் மூடிய சக்‌ஷன் செட்டையா கேட்கிறோம்? கொரோனா சமயத்தில் எங்கள்மேல் தெறிக்காமல் இருக்க எங்கிருந்தோ வந்தது, அலை ஓய்ந்ததும் அதுவும் போய்விட்டது. சரி, போகட்டும். 7 எண் டியூபுக்குக் கறுப்பு, 8 எண் டியூபுக்கு வெள்ளை முனை 12, இந்த இரண்டும்தான் வேண்டும். போட்டதையே சலைனில் அலசி மறுபடி போடச் சொல்லாத அளவுக்கு வேண்டும். அலசிப் போட்டுவிட்டு நிமோனியா வந்தால் அதற்கும் எங்களுக்குத்தானே மெமோ.

தொற்றுத் தடுப்பு வாரத்துக்குக் கோலப்போட்டி வைத்தீர்கள், எனக்கு மூன்றாம் பரிசாக ஒரு எவர்சில்வர் டப்பா கிடைத்தது. கதீட்டர் போட்டு வைக்க நல்ல அளவு, கதீட்டர்தான் இல்லை. வாசலில் போட்ட புது கிரானைட்டும் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த மனுஷன் ஓடும்போது வழுக்கியதாம்.

மன்னிக்கவும், எங்கேயோ போய்விட்டேன். மெமோவுக்கு என் விளக்கம் இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மறுபடி எனக்கு இரவுப் பணி. தயவுசெய்து அதற்குள் ஒரு பெட்டி கறுப்பாவது வரச் செய்யுங்கள். வெள்ளைக்குத் திரும்பவும் இண்டென்ட் போடுகிறேன்.

பணிவுடன்,
ஐசியூ செவிலியர்