முதலில் டயர், அப்புறம் அலாய் வீல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை முடிந்து, வீட்டில் ஆள் மாற்றி ஆள் கூடவே இருக்க வேண்டியிருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை. நேற்று யாரையும் பிடிக்காமல் சமையலறை வரை நடந்து போய் வந்தாள். உன்னைப் பற்றிக் கேட்டாள்.

உன் மகள் வண்டி ஓட்டப் பழகுகிறாள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதே கடிதத்தின் அடியில் நீ கேட்டிருந்த கேள்வியை நான் சீரியஸாக எடுத்துக்கொள்ள அவளும் ஒரு காரணம். நாலு டயரும் தேய்ந்துவிட்டன, தெரிந்தவர் ஒருவர் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய 15 அங்குல அலாய் (அலுமினியக் கலவை) வீல்களை டயரோடு மலிவாகத் தருகிறார், வாங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அந்தப் பணத்தில் உன் பழைய இரும்பு வீலுக்கே நல்ல டயர் நாலு வாங்கு.

ஏன் என்று சொல்கிறேன். உன் வண்டியின் டயரில் 155/80 R13 79T என்று இருப்பதாக எழுதியிருந்தாய். டயரின் அகலம் 155 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், அதாவது 124 மில்லிமீட்டர். R என்றால் ரேடியல், டயரின் உள்ளே இழைகள் ஓடும் முறைக்கான பெயர். 13 என்பது டயர் மாட்டும் உலோக வளையமான ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 578 மில்லிமீட்டர் வருகிறது. அவர் தருவது 185/65 R15. அதன் உயரம் 621. நாலு சென்டிமீட்டருக்கு மேல் அதிகம், கிட்டத்தட்ட ஏழரை சதவீதம். மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. இதைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 86-இல் போகும். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் உள்பக்கம் உரசும். சின்ன எஞ்சின், இழுக்க வேண்டிய சக்கரம் பெரியது. முதல் கியரில் நகர்த்தும்போதே பாரம் தெரியும். கிளட்ச் பழகாத பெண் அதில் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதை நினைத்துப் பார்.

அந்த 79-ஐயும் மறந்துவிடாதே. ஒரு டயர் 437 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு அது. மாற்றும் டயரில் அந்த எண் குறையவே கூடாது. T என்பது வேக வரம்பு, மணிக்கு 190 கிலோமீட்டர். நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை என்றாலும் அதற்குக் கீழே இறங்காதே.

அலாய் போட்டே ஆக வேண்டும் என்று ஆசை இருந்தால் 14 அங்குலத்தோடு நிறுத்திக்கொள். 165/65 R14 டயரின் உயரம் 570, உன் பழைய டயருக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் வீல் வாங்குவது டயர் வாங்குவதைவிடச் சிக்கலான வேலை. போல்ட் துளைகள் பொருந்த வேண்டும். உன்னுடையதைப் போன்ற நாலு துளை சின்ன வண்டிகள் நிறைய 4x100. எதிரெதிர் துளைகளின் மையத்திலிருந்து மையம் வரை அளந்தால் 100 மில்லிமீட்டர். பல ஃபியட் வண்டிகளில் இது 98. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், நட்டை முறுக்கினால் ஏறுவது போலவும் இருக்கும், ஆனால் சரியாக உட்காராது. ஓடும்போது தளர்ந்துவிடும். அதனால் கண்ணை நம்பாதே, அளந்து பார்.

நடுத்துளையும் அப்படித்தான். வெளியில் விற்கும் அலாய்கள் பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். ஹப்புக்கும் (வீல் உட்காரும் அச்சின் முனை) துளைக்கும் நடுவில் ஒரு வளையம் போட்டு அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். என் முந்தைய வண்டியில் அந்த வளையத்தைப் போடாமல் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். மூன்று தடவை பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது) செய்தும் போகவில்லை. கடைசியில் வேறொரு மெக்கானிக் வீலைக் கழற்றி, ஹப்பைச் சுற்றி விரலை ஓட்டிக் காட்டினார். விரல் நகம் உள்ளே போகிற அளவுக்கு இடைவெளி. நாலு பிளாஸ்டிக் வளையத்தில் நடுக்கம் நின்றுவிட்டது.

ஆஃப்செட்டையும் கேள், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் உட்காரும் தளம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது. வீலின் உள்பக்கத்தில் ET45 என்பது போல அச்சிட்டிருக்கும். அதே அகல வீலில் 45-க்குப் பதில் 35 போட்டால் சக்கரம் ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும், பேரிங்குக்குச் சுமை கூடும். மற்றபடி, அலாய் என்றாலே எடை குறைவு, மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களை அப்படியே நம்பாதே. மலிவான அலாய் பல சமயம் இரும்பு வீலின் எடையேதான் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் இரும்பு வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் தூக்கித்தான் போட வேண்டும்.

சரி, டயருக்கு வருகிறேன். நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான்.

போன வருஷம் ஒரு மாலை, தூறல் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. வேகம் அதிகமில்லை, நாற்பது இருக்கும். பிரேக்கை மிதித்தேன். காலடியில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கடகடவென்று அடிக்கிறது, வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டைகள்) தேயாமல் ஆழமாகவே இருந்தது. எனக்குப் புரியவில்லை. அப்புறம் பட்டன்களுக்கு நடுவே கட்டை விரலால் விரித்துப் பார்த்தேன். மயிரிழை மாதிரி வெடிப்புகள், வரிசையாக. ரப்பரில் நகத்தை அழுத்தினால் பதியவே இல்லை, மரம் மாதிரி இருந்தது. வண்டி அதிகம் ஓடவில்லை, அதனால் தேயவில்லை. ஆனால் டயருக்கு வயதாகிவிட்டது.

அந்த வயதைப் பக்கச்சுவரிலேயே படிக்கலாம். DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கம். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. அந்த முழு வரி பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், அது உள்பக்கமாக மாட்டியிருந்தால் படுத்துதான் பார்க்க வேண்டும். கடையில் மாட்டுவதற்கு முன்பே நாலு டயரிலும் பார்த்துவிடு. புது டயர்தானே என்று விட்டுவிடாதே, கிடங்கில் மூன்று வருஷம் கிடந்ததாகவும் இருக்கும்.

எந்த டயர் என்று கேட்டால், நான் ஈரத்தில் எப்படி நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பக்கச்சுவரில் TREADWEAR என்று ஓர் எண் இருந்தால் அது எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதற்கான ஒப்பீடு. பக்கத்தில் TRACTION என்று AA, A, B, C இருக்கும், ஈரத்தரைப் பிடிப்பு. ரொம்ப நாள் உழைக்கும் என்று பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால், அந்த ரப்பர் கெட்டியாக இருந்து மழையில் கைவிட வாய்ப்பு உண்டு. AA-வோ A-யோ இல்லாததை எடுக்காதே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். உன் மகள் பிரேக் போடும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த நாலு உள்ளங்கைதான் இருக்கிறது.

ஒருவேளை இப்போதைக்கு இரண்டுதான் வாங்க முடியும் என்றால், புதியதைப் பின்னால் போடு. முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு முன்னால்தானே வேண்டும் என்று கடையிலேயே சொல்வார்கள், கேட்காதே. முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்சிலரேட்டரை விட்டால் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வால் சுழன்றுவிடும், அதைச் சமாளிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம்.

மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), பேலன்சிங் கட்டாயம். காற்று, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குத்தான், டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அளவுக்கு அல்ல. நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை சரிபார். அலாய்க்கு மாறினால் பழைய இரும்பு வீலின் நட்டுகளை டிக்கியிலேயே வை. ஸ்டெப்னி இன்னும் இரும்புதானே, புது நட்டு அதில் சரியாக உட்காராமல் போகலாம். (ஸ்டெப்னி என்ற சொல், வேல்ஸில் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் உபரிச் சக்கரம் செய்ய ஆரம்பித்ததால் அந்தத் தெருவின் பெயரிலிருந்து வந்ததாம். தெரிந்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.)

எழுதும்போது உன் சைக்கிள் நினைவுக்கு வந்தது. ஸ்பூன் காம்பால் டயரை நெம்பி, டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று இருவரும் குனிந்து பார்த்தோமே. மகளையும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, ஜாக்கி போட்டுச் சக்கரம் மாற்றக் கற்றுக்கொடு.

கடைக்குப் போகும் முன் கதவுத் தூண் ஸ்டிக்கரையும் ஸ்டெப்னியின் பக்கச்சுவரையும் படம் எடுத்து அனுப்பு. ஸ்டெப்னியின் வயதையும் பார்த்துவிடலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்