இழுவைச் சாணை வாங்கும் முன் கத்தியைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மத்தி ஓட்டக் காலத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு மலரில் வந்த மீன்பிடிப் பக்கத்தைப் படித்தேன். தூண்டில், நரம்பு, இரை பற்றியெல்லாம் நன்றாக எழுதியிருந்தார்கள். கத்தியைப் பற்றிய ஒரு பத்திதான் என்னை எழுத வைத்தது. கையில் பிடித்து இழுக்கிற சின்னச் சாணை ஒன்று வாங்கி நாலு இழுப்பு இழுத்தால் போதும், வருடம் முழுக்கக் கவலையில்லை என்று அதில் இருந்தது. இதை நம்பி நல்ல கத்திகளைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாசகர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

நான் டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புளூ லகூன் பக்கம் தூண்டில் போடுகிற பையன்களும், குளிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகிற சொந்தக்காரர்களும் மழுங்கின கத்திகளை என்னிடம் கொண்டுவருவார்கள். அவற்றில் மிக மோசமாக இருப்பவை, அந்த இழுவைச் சாணையில் போன கத்திகள்தான்.

அந்தக் கருவிக்குள் டங்ஸ்டன் கார்பைடு துண்டுகள் இரண்டு குறுக்காக நிற்கின்றன. அவை இரும்பைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. இழுத்தவுடன் கூர் வந்த மாதிரி இருக்கும். பெருக்கிக் காட்டும் கண்ணாடியில் பார்த்தால் வாய், அதாவது வெட்டும் ஓரம், முழுக்கக் கிழிசல். அப்புறம், கைப்பிடியை ஒட்டிய கடைசிப் பகுதி அந்தத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள பிளவுக்குள் போகாது. அதனால் அங்கே இரும்பு தேயாமல் நிற்க, அதற்கு முன்னால் வாய் உள்வாங்கிப் பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்த கத்தியைப் பலகையில் வைத்து, நம் கடலோரத்தில் தூண்டிலில் பிடிக்கிற ஷாட் மீனின் தோலை உரித்துப் பாருங்கள். பள்ளத்துக்குக் கீழே தோல் அறுபடாமல் நிற்கும், சதை தோலோடு போகும். மீனுக்கும் அது அவமரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒருவருக்கு நாலு ஷாட் மட்டும்தான் சட்டம் அனுமதிக்கிறது, அதுவும் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கிடைக்கிற நாலு மீனையும் ஒழுங்காக அறுக்க வேண்டாமா?

சரி, வேறு எதை வாங்குவது? கடைக்குப் போகும் முன் கத்தியைக் கையில் எடுத்து இரண்டு விஷயம் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது, கோணம். வாயின் ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு சரிவாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. மீன் அறுக்கும் மெல்லிய வளையும் கத்திக்குப் பக்கத்துக்கு 15 முதல் 17 டிகிரி. தோலுரிக்கும் வேட்டைக் கத்திக்கு 20. மரமும் எலும்பும் வெட்டுகிற கத்திக்கு 25. புதர் வெட்டும் பாங்கா என்ற நீள அரிவாளுக்கு 25-லிருந்து 30 வரை. அதற்கு அரமே போதும். மவுண்ட் எட்ஜ்கூம்பில் கரும்பு வெட்டிய எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் வயலிலேயே அரத்தை வைத்துக்கொண்டு தீட்டினார்கள், அது இன்றைக்கும் சரியான முறைதான். எல்லாக் கத்தியையும் ஒரே கோணத்தில் தீட்டுகிற கருவி பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் எல்லாக் கத்திக்கும் ஆனதல்ல.

இரண்டாவது, இரும்பு. நம் ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் ஒகாப்பி மடக்குக் கத்தி சாதாரணக் கார்பன் எஃகு. எந்தக் கல்லிலும் சுலபமாகத் தீட்டலாம், அதே சுலபத்தில் துருவும் பிடிக்கும். மோரா கம்பெனிக் கத்திகளில் வரும் 12சி27 என்ற ஸ்டெயின்லெஸ் எஃகும் தொந்தரவு தராது. விலை கூடின கத்திகளில் நிலைமை வேறு. எஸ்30வி என்ற எஃகு 2001-இல் அமெரிக்காவில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் கத்தி செய்யும் தொழிலைத் தொடங்கி 1989-இல் அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ் அதை உருவாக்குவதில் பங்கெடுத்தார். அதில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. அது எஃகிலுள்ள கார்பனோடு சேர்ந்து உண்டாகும் வனேடியம் கார்பைடு, வழக்கமான அலுமினியம் ஆக்சைடு கல்லைவிடக் கடினம். அந்தக் கத்தியைச் சாதாரணக் கல்லில் தேய்த்தால் கைதான் வலிக்கும். அதற்கு வைரத்தூள் பதித்த தகடு வேண்டும்.

இதை வைத்துத்தான் கருவிகளைப் பார்க்க வேண்டும். கவ்வியில் கத்தியைப் பிடித்து, கம்பியில் மாட்டிய கல்லை ஓட்டுகிற லான்ஸ்கி மாதிரியில் கம்பியை நுழைக்க 17, 20, 25, 30 டிகிரி என்று நாலு துளைகள் உண்டு. புதிதாகக் கற்பவருக்குக் கோணம் தவறாது. சின்ன, தடித்த வேட்டைக் கத்திக்கு அருமை. நீண்ட மீன் கத்திக்கு அதை நான் சொல்ல மாட்டேன். மெல்லிய தகடு கவ்வியில் ஆடும், கவ்வியை விட்டுத் தள்ளிப் போகப் போகக் கோணமும் மாறும். அதற்கு ஸ்பைடர்கோவின் ஷார்ப்மேக்கர் நல்லது. முக்கோண பீங்கான் கம்பிகள் சாய்ந்து நிற்கும், கத்தியை நேர் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தால் பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி தானாக வரும். எண்ணெய் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். கம்பி கறுத்தால் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுக் கழுவலாம். ஆனால் முழுக்க மழுங்கின கத்தியை அதில் மீட்பது பெரும்பாடு. தினம் லேசாகத் தீட்டி வைத்துக்கொள்பவருக்கான கருவி அது.

ஒன்றே ஒன்று வாங்க முடியும், மீன்பிடிப் பையில் போட வேண்டும் என்று கேட்பவருக்கு, வொர்க் ஷார்ப்பின் கையடக்கக் கருவியைச் சொல்கிறேன். 220, 600 என்று இரண்டு வைரத் தகடுகள் (எண் கூடக் கூடத் தூள் நைசாகும்), ஓரத்தில் 20 டிகிரி சரிவு, ஒரு பீங்கான் கம்பி, சிறிய தோல் பட்டை எல்லாம் ஒன்றிலேயே இருக்கின்றன. பீங்கான் கம்பியில் தூண்டில் முள்ளைத் தீட்டத் தனிப் பள்ளமும் உண்டு. மின்சாரம் வேண்டாம் என்பதும் மின்வெட்டைப் பார்த்த நமக்கு நல்லதுதான். வைரத் தகட்டில் அழுத்தாதீர்கள். அழுத்தினால் வைரத்தூள் உதிர்ந்துவிடும்.

மோட்டாரில் பட்டை ஓடும் கருவிகளைப் பற்றி எனக்குப் பயம் உண்டு. தெரிந்தவர் கையில் வேகமானவைதான். தெரியாதவர் முனையில் ஒரு விநாடி கூட நிறுத்தினால் இரும்பு நீலமாகி, துவைச்சல், அதாவது இரும்பைக் காய்ச்சிப் பதப்படுத்தி ஏற்றிய கடினம், போய்விடும். அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது.

எந்தக் கருவியானாலும் பிசிர், அதாவது வாயோரத்தில் மடங்கி எழும் மெல்லிய இரும்பு இழை, எழும் வரை ஒரு பக்கத்தை விடக்கூடாது. இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஒரு பக்கம் தீட்டும்போது, வாயின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் புரளும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலைக் குறுக்கே ஓட்டினால் தட்டுப்படும். கைப்பிடியிலிருந்து முனை வரை பிசிர் வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் வந்ததும் அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து அதை நீக்கி, தோல் பட்டையில் கத்தியின் முதுகு முன்னால் போகும்படி இழுத்து முடிக்கலாம். மீன் கத்தியை நன்றாக வழவழப்பாக்குங்கள். தோலுரிக்கும் கத்தியையும் பில்டாங் என்ற உலர்த்திய இறைச்சியை அறுக்கும் கத்தியையும் 600 தகட்டோடு நிறுத்தி, தோல் பட்டையில் லேசாக மட்டும் இழுத்தால் போதும். கொஞ்சம் பல் இருக்கிற வாய்தான் தோலையும் இறைச்சியையும் கடித்து அறுக்கும்.

வெறும் கல் வைத்திருப்பவர்கள் கருவி வாங்கவே வேண்டாம். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து எவ்வளவு தூக்கிப் பிடிப்பது என்று தெரிந்தால் போதும். 30 மில்லிமீட்டர் அகலக் கத்திக்கு 20 டிகிரி வேண்டுமென்றால் முதுகு 10 மில்லிமீட்டர் உயர வேண்டும். 20 மில்லிமீட்டர் அகல மீன் கத்திக்கு 15 டிகிரி என்றால் 5 மில்லிமீட்டர். வாய் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். மை முழுதும் அழிந்தால் கோணம் சரி. முதுகுப் பக்கமாக மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை ஷாட் பிடிக்கத் தடை. அந்த இரண்டு மாதத்தில்தான் கத்திகள் உப்போடு பெட்டியில் கிடந்து துருப்பிடிக்கின்றன. ஆகவே தடைக்காலம் முடிவதற்குள் கத்தி தீட்டுவதைப் பற்றி ஒரு அரைப் பக்கம், படத்தோடு, உங்கள் மலரில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கத்தியின் அகலத்துக்கு ஏற்ற முதுகு உயர அட்டவணையை எழுதி அனுப்ப நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் தொழிலாளி,
சாட்ஸ்வொர்த், டர்பன்