பாதி பைலிதான் வந்திருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளக் கல்வியாளர்களைப் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையில் எம்.வி. பைலியை 'மேலாண்மைக் கல்வியின் தந்தை' என்று புகழ்ந்துவிட்டு, அவருடைய அரசியல் சட்ட நூல்களை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எழுதியது தப்பில்லை. ஆனால் பாதிதான் வந்திருக்கிறது.

1964இல் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ் மேலாண்மைத் துறையை அவர் தொடங்கியது பெரிய காரியம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் 'மானேஜ்மென்ட்' என்றால் எய்டட் பள்ளி (அரசு உதவி பெறும் தனியார் பள்ளி) முதலாளி என்றுதான் அர்த்தம்! அப்புறம் 1977 முதல் 1981 வரை கொச்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 2006இல் பத்மபூஷண். எல்லாம் சரி.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 1970களில் பி.ஏ. படித்தபோது, 1960இல் வெளியான அவருடைய 'கான்ஸ்டிடியூஷனல் கவர்ன்மென்ட் இன் இந்தியா' என்ற அரசியல் சட்ட நூல், நூலகத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தது. பழுப்புத்தாள் அட்டை, ஓரமெல்லாம் முன்னால் படித்தவர்களின் பென்சில் கோடு. தமிழ் வழியில் படித்து வந்த நான் அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். நாலு பக்கம் தாண்டியதும் அகராதி தேவைப்படவில்லை. 1937இல் தொடங்கி 1950இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழிவிட்ட பெடரல் கோர்ட்டைப் பற்றித் தனி நூலே எழுதியவர், சட்டம் படிக்காதவனுக்கும் புரிகிற மாதிரி எழுதினார்.

எங்களுக்கு அது வெறும் பரீட்சைப் புத்தகம் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று மொழியை வைத்து மாநிலக் கோடு போட்டபோது, கோட்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், நின்றுபோன தமிழர்கள் நாங்கள். தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும், அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு வந்ததும் அதே ஆண்டு, ஏழாவது திருத்தத்தில்தான். அதற்கு முந்திய 350ஆம் பிரிவு, குறையைச் சொல்லி மனுக் கொடுக்க மொழி தடையாகக் கூடாது என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழில் அரசுக்கு எழுத இங்குள்ள தமிழருக்கு இடம் தருகிறது.

சில வருஷங்களுக்கு முன் என் அம்மாவின் பென்ஷன் விஷயமாக ஓர் அலுவலகத்தில் தமிழில் மனுக் கொடுத்தேன். கிளார்க் பார்த்துவிட்டு, "மலையாளத்தில் எழுதிக் கொண்டு வாங்க" என்று மேஜைமேலேயே தள்ளிவிட்டார். எனக்கு மலையாளம் நன்றாகவே எழுத வரும். ஆனால் மனு அம்மாவுடையது, கையெழுத்தும் அம்மாவுடையது. மனுவின் தலைமாட்டில் '350' என்று பேனாவால் எழுதி, அடியில் கோடு போட்டு மறுபடி நீட்டினேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். பதில் என்னவோ மலையாளத்தில்தான் வந்தது.

2017இல் பைலி காலமானார். மேலாண்மைப் பைலியைப் பற்றி எழுத எர்ணாகுளத்தில் ஆட்கள் நிறைய. சட்டப் பைலிக்கு உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதுகிறவருக்கு அனுப்பித் தருகிறேன், திருப்பித் தந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.