மக்களே, நேராகவே கேட்கிறேன்

அன்புள்ள மக்களே, என் மகனே,

சாப்பிட்டாயா? போனில் கேட்டால் "ஆச்சும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் சின்னவன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

இங்கே எல்லோருக்கும் சுகம். ஒக்கிப் புயலில் மரங்கள் ஒடிந்து விழுந்த இடத்தில் வைத்த ரப்பரைப் பால்வெட்டுக்கு எடுத்துவிட்டோம். பால் கொள்ளாம், ஷீட் விலைதான் நிலையாக நிற்கவில்லை. பின்னால் மட்டி வாழைக்குலை பழுத்து நிற்கிறது. நீ வெறும் சாயாவைக் குடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. ராத்திரி நேரத்துக்குத் தூங்கு.

நேரத்துக்குத் தூங்கு என்று மறுபடியும் சொல்கிறேன். உன் பழைய போனைச் சின்னவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் உன் கணக்கு அப்படியே இருக்கிறது. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம், சாவதைப் பற்றியே பேசும் அந்தக் குழுவிலிருந்து செய்தி வருகிறது. பயந்துபோய் என்னிடம் காட்டினான். அவன் மேல் கோபப்படாதே, கேட்டியா. அவன் செய்தது சரி. முழுவதையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

நம் வீட்டில் முதலில் இன்ஜினியர் ஆனவன் நீ. சந்தையில் யார் விசாரித்தாலும் அப்பா நின்று பதில் சொல்வார். அப்படிப்பட்ட பிள்ளை ஓணத்துக்கும் வரவில்லை, மாமா வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை. லீவு இல்லை என்றாய், நாங்களும் நம்பினோம்.

நீ ஏன் அங்கே போனாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. மனதில் உள்ளதைச் சொன்னால் அங்கே யாரும் திட்டுவதில்லை, அழுவதில்லை, புத்தி சொல்வதில்லை. ஆனால் பார், பின்வாங்க நினைத்த ஒரு பையனைக் கோழை என்கிறார்கள். விடைபெற்றுப் போகிறேன் என்று ஒருவன் எழுதினால் வாழ்த்துகிறார்கள். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க ஓர் ஆள் இல்லை. வீட்டில் சொல்லாதே என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். அதை வாசித்தபோது என் கை நடுங்கியது.

கூடவே வருகிறேன் என்று பேசுகிறவன் யார் என்று உனக்குத் தெரியுமா? அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ஒரு ஆண் நர்ஸ் இருந்தான். மனைவி, பிள்ளைகள் எல்லாம் உண்டு. இணையத்தில் மட்டும், மனம் உடைந்த இளம்பெண் என்று சொல்லிக்கொள்வான். நாம் சேர்ந்து சாவோம் என்று வாக்குக் கொடுப்பான். அவன் பேச்சைக் கேட்டவர்களில் ஒருவர் 2005இல் இங்கிலாந்தில் இறந்தார். 2008இல் கனடாவில் கல்லூரியில் படித்த ஒரு பெண்ணும் போய்விட்டாள். அவன் சாகவில்லை. இங்கிலாந்தில் ஒரு கிராமத்து வயதான அம்மாள்தான் விடாமல் தேடி அவனைக் கண்டுபிடித்தார். 2014இல் கோர்ட் அவனைக் குற்றவாளி என்றது. உன்னோடு பேசுகிறவர்களும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் நொந்த பிள்ளைகளாக இருக்கலாம். ஆனாலும் மூழ்குகிறவனை மூழ்குகிறவன் பிடித்தால் என்ன ஆகும்?

வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்று ஒருவன் எழுதியிருந்தான். வக்கீலுக்குப் படிக்கும் மாமா மகளிடம் பொதுவாகக் கேட்டேன், உன் பேரைச் சொல்லவில்லை. 2017ஆம் வருட மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவைக் காட்டினாள். முயன்று பிழைத்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அரசு அவருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தூண்டிவிடுகிறவனுக்குத்தான் பத்து வருடம் வரை ஜெயில்.

உன் அப்பாவைப் பற்றியும் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. சொல்லச் சொன்னது அவர்தான். 2017இல் ஒக்கி அடித்த பிறகு, மரமெல்லாம் போய் லோன் மட்டும் மிஞ்சியபோது, ஒரு ராத்திரி "எனக்கு இனி இருக்க வேண்டாம்" என்றார். நான் உடனே மாமாவைக் கூப்பிட்டேன். மாமா ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. வந்து அப்பா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார், பல நாள். அப்புறம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அப்பா மாத்திரை சாப்பிட்டார், டாக்டரிடம் போய்ப் பேசினார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெளிந்தார். லோன் அதற்குப் பிறகும் இருந்தது. ஆனால் சாக வேண்டும் என்ற அந்த வேகம் அடங்கிவிட்டது. அந்த வேகம் நிற்காது என்றுதான் அப்போது அவரும் நம்பினாராம்.

நேற்று நானே 14416க்குக் கூப்பிட்டேன். டெலி மானஸ், மனக் கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதற்கான அரசாங்கத்தின் நம்பர். 2022இல் தொடங்கியது, காசில்லை, ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கிறார்கள். தமிழிலேயே பேசினார்கள். கேட்டால் பிள்ளை மனதில் இல்லாததை நானே விதைத்ததாகிவிடுமோ என்று கேட்டேன். இல்லை அம்மா, நேராகவே கேளுங்கள், கேட்டால் அவர்களுக்குப் பாரம்தான் குறையும் என்றார்கள்.

அதனால் கேட்கிறேன். மக்களே, நீ சாக நினைக்கிறாயா?

ஆமாம் என்றாலும் சொல். நான் கத்த மாட்டேன், ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன், வேலையை விடு என்றும் சொல்ல மாட்டேன். வேலை போனது என்றாலும், கடன் என்றாலும், ஒரு பெண்ணோடு மனக்கசப்பு என்றாலும் எதுவானாலும் நாம் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பா வெள்ளிக்கிழமை சாயங்கால வண்டிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் பெங்களூரில் இருப்போம். வேண்டாம் என்று சொல்லாதே. அதுவரை தனியாகப் படுக்காதே, ரூமில் கூட இருக்கும் பையனிடம் விஷயத்தைச் சொல். அவர்கள் பேச்சைக் கேட்டு ஏதாவது வாங்கி வைத்திருந்தால் அதை இன்றைக்கே அவன் கையில் கொடுத்துவிடு. அந்தக் குழுவிலிருந்து வெளியே வா. ராத்திரி பாரமாக இருந்தால் என்னைக் கூப்பிடு, மணி பார்க்காதே. என்னிடம் பேச வாய் வரவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடு.

சாப்பிடு. இதை வாசித்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, அது போதும். நான் திருப்பிக் கூப்பிடுகிறேன்.

உன் அம்மா