இருபது பேர் எதிர்த்த மசோதா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மகள் சட்டப் படிப்பில் இரண்டாம் வருடம். அவள் புண்ணியத்தில் 1951-இன் நாடாளுமன்ற விவாதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் அரசியல் சட்டத் திருத்தம். சட்டம் நடைமுறைக்கு வந்து 16 மாதம்கூட ஆகவில்லை. மே 12-இல் நேரு மசோதாவைக் கொண்டுவருகிறார். பொதுத்தேர்தலே நடக்காத நேரம். அரசியல் நிர்ணய சபைதான் தற்காலிக நாடாளுமன்றமாக உட்கார்ந்திருந்தது. மக்கள் தேர்ந்தெடுக்காத அவை அடிப்படை உரிமையில் கைவைக்கலாமா, ஏன் இந்த அவசரம் என்று சியாமா பிரசாத் முகர்ஜி மல்லுக்கு நின்றார். முந்தைய ஆண்டுவரை நேருவின் அமைச்சரவையில் இருந்தவர்!

இதில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த ஆணைப்படி கல்லூரிச் சேர்க்கையில் ஒவ்வொரு 14 இடத்திலும் 6 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிற்பட்டோருக்கு, 2 ஹரிஜனங்களுக்கு, 2 பிராமணர்களுக்கு, மீதி கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் ஒவ்வொன்று. தீர்ப்பை எதிர்த்து இங்கே கிளம்பிய கொந்தளிப்புதான், பிற்பட்டோருக்கு அரசு தனி ஏற்பாடு செய்ய வழிவிடும் 15(4) பிரிவைக் கொண்டுவந்தது. சென்னை நிகழ்ச்சிகளே காரணம் என்று நேருவே அவையில் ஒப்புக்கொண்டார். சட்ட அமைச்சர் அம்பேத்கரும் தீர்ப்பு திருப்தி தரவில்லை என்று வெளிப்படையாகவே பேசினார்.

அதே மசோதாவில்தான் பேச்சுரிமைக்கும் கடிவாளம். எனக்கு உறுத்துவது இதுதான். 15(4) வேண்டியதே, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்காகப் பத்திரிகைக்காரன் வாயையும் சேர்த்துக் கட்டுவானேன்?

எண்ணிக்கை இல்லாதவர்கள் பேசி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொண்டாயே, இதைக் கேள். கடைசி வாக்கெடுப்பில் ஆதரவு 228, எதிர்ப்பு வெறும் 20. ஆனால் பேச்சுக்கு விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை முதல் வரைவில் இல்லை. எதிர்ப்பு கிளம்பி, மசோதாவை அலசும் உறுப்பினர்களின் தேர்வுக்குழுவுக்குப் போன பிறகுதான் சேர்ந்தது. இன்றைக்கும் அரசின் தடையை எதிர்த்து ஒருவன் நீதிமன்றம் ஏறினால் அதைப் பிடித்துக்கொண்டுதான் வாதாடுகிறான்.

இரண்டையும் தனித்தனி மசோதாவாகக் கொண்டுவந்திருந்தால் அந்த 20 பேரில் சிலராவது 15(4)-க்குக் கை தூக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? கண் தேறியதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்