எங்கள் ஊர்க்குளத்தின் துருசை (மதகை) திருத்தித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உன்னிச்சை, நவகிரி போன்ற பெரிய குளங்களின் கீழ் வயல் உள்ளவர்கள் கோடையில் சிறுபோகமும் செய்கிறார்கள். எங்களைப் போன்ற மானாவாரிக் காணிக்காரருக்கு மாரி மழையில் செய்யும் பெரும்போகம் ஒன்றுதான். மழை பிந்தினாலும் நட்டம், மார்கழியில் வெள்ளம் வந்தாலும் நட்டம். சரி, விளைந்துவிட்டது என்றாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் நெல்லை விற்பதால் விலை விழுந்துவிடும். உழவு, உரம், வெட்டு மெசின் கூலி, கடன் எல்லாம் கழித்தால் மிஞ்சுவது அடுத்த போகத்து விதைநெல்தான்.

வளவுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டிச் சின்ன மோட்டர் ஒன்று போட்ட பிறகுதான் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கால் ஏக்கரில் கத்தரி, மிளகாய், பயிற்றை. வாரத்தில் இரண்டு நாள் சந்தைக்குப் போகிறது. வைகாசி, ஆனியிலும் வீட்டில் காசு புழங்குகிறது. மோட்டர் எண்ணெய்ச் செலவு போனாலும் கட்டுப்படியாகும்.

ஆனால் ஊர்க்குளத்தில் தண்ணீர் நின்றால்தான் கிணற்றில் ஊற்று. எங்கள் குளத்தின் துருசு உடைந்து இரண்டு வருடமாகிறது; மாரித் தண்ணீர் முழுவதும் வாவிக்கு ஓடுகிறது. ஐப்பசி மழைக்கு முன் அதைத் திருத்தித் தாருங்கள். மண்வெட்டியோடு வர ஊரே தயாராக இருக்கிறது.

விவசாயி ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு