நான்காம் மாதத்திலும் அந்தத் தாயிடம் கேளுங்கள்: ஜப்பானின் குழந்தைகள் குடும்பங்கள் முகமைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய முகமைத் தலைவருக்கும் தாய் சேய் நலப் பிரிவின் அலுவலர்களுக்கும் வணக்கம்.

இம்மடலின் ஜப்பானிய வடிவத்தைத் தங்கள் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கு மணம் முடித்துக் குடும்பம் நடத்தும் எங்கள் மக்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழிலும் எழுதுகிறேன். என் தம்பியின் மனைவி ஜப்பானியப் பெண். சென்ற ஆண்டு முதல் குழந்தையைப் பெற்றெடுத்த அவள் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள், தேறியும் வருகிறாள். அவளுடைய முழு ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

பேற்றுக்குப் பின் இரண்டாம் வாரத்திலும் முதல் மாத முடிவிலும் தாய்க்கு நடக்கும் பரிசோதனைகளுக்கு 2017 முதல் அரசு உதவித்தொகை தருவதையும், அப்போது பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் பத்துக் கேள்விகள் கேட்கப்படுவதையும் தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தத் திட்டத்தைக் குறைகூற நான் வரவில்லை. அது வருவதற்கு முன் எத்தனை பெண்கள் யாரும் கேட்காமலே வாடினார்கள் என்பதை இங்குள்ள மூத்த தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: ஒரு மாதத்தோடு நிறுத்திவிடாமல், குழந்தையின் மூன்று, நான்கு மாதப் பரிசோதனைக்கு வரும் தாயிடம் அதே கேள்விகளை நாடு முழுவதும் மீண்டும் கேட்க வழி செய்யுங்கள்.

அந்தப் பத்துக் கேள்விகளும் கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. என் தம்பி மனைவி, இந்நாட்டு வழக்கப்படி சதோகயேரிக்கு, அதாவது தாய்வீட்டுப் பிரசவத்துக்கு, வடக்கே உள்ள தன் ஊருக்குப் போயிருந்தாள். இரண்டாம் வாரத்தில் அவள் விடை குறித்த ஏழு நாட்களும், முதல் மாதத்தில் விடை குறித்த ஏழு நாட்களும் தாயின் கைச்சோறு உண்டு, தந்தை குழந்தையைத் தூக்கி வைத்திருக்க, பச்சை உடம்போடு பகலிலும் படுத்துறங்கிய நாட்கள். இரண்டு முறையும் அவளுடைய மதிப்பெண், மனச்சோர்வு இருக்கலாம் என்று கருத வைக்கும் 9 என்னும் எல்லைக்குக் கீழேதான் இருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் நன்றாகத்தான் இருந்தாள்.

அவள் நன்றாக இல்லாமற்போனது இரண்டு மாதம் முடிந்து கணவன் வீட்டுக்குத் திரும்பிய பின்னர். பேற்றுக்குப் பின் எட்டு வாரங்களுக்குள் தந்தையர் நான்கு வாரம் வரை எடுக்கலாம் என்று 2022 அக்டோபரில் வந்த விடுப்பை என் தம்பி எடுத்திருந்தான். ஆனால் அந்த வாரங்கள் மாமனார் ஊரிலேயே கழிந்துவிட்டன. அவள் திரும்பியபோது அவன் காலையில் போய் இரவு வருகிறவனாகியிருந்தான். அந்த அடுக்குமாடி வீட்டில் பகல் முழுவதும் அவளும் குழந்தையும் மட்டுமே. குழந்தை உறங்கும்போதும் அவளுக்கு உறக்கம் வரவில்லை. பிறகு சாப்பாட்டையும் மறந்தாள். மூன்றாம் மாதத்தில் ஒருநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்து, தான் இல்லாவிட்டால் குழந்தைக்கு இன்னும் நல்ல அம்மா கிடைப்பாள் என்று மிக அமைதியான குரலில் சொன்னாள்.

அந்தக் கேள்வித் தாள்களின் பயணத்தையும் தாங்கள் அறிய வேண்டும். அவள் பரிசோதனை செய்துகொண்ட ஊரில் பரிசோதனைக் கட்டணத்துக்காக அவளுடைய நகராட்சி தந்த சீட்டு செல்லாது என்பதால், முதலில் கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னர் பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த விண்ணப்பத்தின் இணைப்பாகவே அவளுடைய மனநிலை குறித்த தாள் சொந்த நகராட்சியை வந்தடைந்தது. பணம் முறையாகத் திரும்ப வந்தது. தாளைப் படித்துவிட்டு ஒருவரும் அழைக்கவில்லை. நாங்களாக அழைத்தபோது, முதல் மாத மதிப்பெண்ணில் கவலைப்பட ஏதுமில்லையே என்றார்கள். மனநல மருத்துவமனையில் புதிதாக வருவோருக்கு வாரக்கணக்கில் இடமில்லை. குழந்தையை உடன் கொண்டுவரவும் வேண்டாம் என்றார்கள். கடைசி நம்பிக்கையாகப் பேற்றுக்குப் பிந்தைய பராமரிப்பு இல்லத்தில் தங்குவதற்கு விண்ணப்பித்தோம். அனுமதி கைக்கு வந்தபோது குழந்தைக்கு நான்கு மாதம் கடந்திருந்தது. அந்த இல்லமோ நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையோடு வரும் தாயை மட்டுமே சேர்த்துக்கொள்ளும். 2019-இல் திருத்தப்பட்டு 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தாய் சேய் நலச் சட்டம் இந்தப் பராமரிப்பு ஓராண்டு வரை உண்டு என்கிறது. சட்டம் தரும் ஓராண்டை ஒரு கட்டடத்தின் கதவு நான்கு மாதமாகச் சுருக்கிவிடுவதைத் தாங்கள் ஏற்கிறீர்களா என்று பணிவோடு கேட்கிறேன்.

இது ஒரு குடும்பத்தின் தனிக்கதை என்று தள்ளிவிட முடியாது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகளில், கருவுற்ற காலம் முதல் பேற்றுக்குப் பின் ஓராண்டு வரை இந்நாட்டில் இறந்த 357 பெண்களில் 102 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்று தேசியக் குழந்தை நல மருத்துவ ஆய்வு மையம் 2018-இல் அறிவித்தது. எந்த உடல் நோயையும்விட இதுவே முதற்காரணம். தோக்கியோவின் 23 வட்டங்களில் 2005 முதல் 2014 வரை நேர்ந்த இத்தகைய 63 மரணங்களை ஆராய்ந்தபோது, பேற்றுக்குப் பின் நேர்ந்தவற்றில் நான்காம் மாதமே முன்னே நின்றது. அப்படியிருக்க, தாயைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கும் கடமை ஏன் முதல் மாதத்தோடு முடிந்துபோகிறது?

அளவுகோலின் எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது பிறந்த நாடான பிரிட்டனில் 13 என்று வைக்கப்படும் எல்லை ஜப்பானில் 9 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள பெண்கள் தம் துயரை அடக்கியே எழுதுவார்கள் என்று துறையினர் அதற்குக் காரணம் சொல்வதுண்டு. தாய்மார் மறைப்பார்கள் என்று அறிந்தே எல்லையைத் தாழ்த்திய நீங்கள், அதே தாய்மார் வாய்விட்டுச் சொல்லும் காலம் வரை காத்திருக்காமல் தாளை மூடிவிடுவது எப்படிச் சரியாகும்? தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாம் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் குழந்தையைத் தன்னிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று என் தம்பி மனைவி அஞ்சினாள். அந்த அச்சம் ஒரு தாளாலும் ஒரு சந்திப்பாலும் போகக்கூடியதன்று. அறிமுகமான ஒரு செவிலியர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் எதிரில் அமர்ந்து கேட்டால்தான் சற்றேனும் கரையும்.

பிறப்பு விகிதம் குறைகிறது என்ற கவலை இந்நாட்டின் எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. 2024-இல் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது என்று பேசாத அமைச்சர் இல்லை. பெண்களை இன்னும் பெற்றுக்கொள்ளச் சொல்லும் அரசு, பெற்றுக்கொண்டவர்கள் உயிரோடும் மனத்தெம்போடும் இருக்கிறார்களா என்று நான்காம் மாதத்தில் கேட்கவில்லையென்றால், அந்தக் கவலை தாய்மாருக்கு எப்படி நெஞ்சில் பதியும்? ஒரு குழந்தையே போதும் என்று என் தம்பி மனைவி முடிவெடுத்ததற்கு வருமானமோ வீட்டு வாடகையோ காரணம் அல்ல. மீண்டும் அந்த வீட்டில், அந்த மாதங்களில், தனியாக இருக்க அவளால் இயலாது.

கோபத்தில் எல்லை மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கோரிக்கைக்கே திரும்புகிறேன். மூன்று, நான்கு மாதக் குழந்தைப் பரிசோதனையை ஏறத்தாழ எல்லா நகராட்சிகளும் நடத்துகின்றன. பெரும்பாலும் தாயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிறாள். குழந்தையை எடைபோட்டு, தலைச் சுற்றளவை அளந்து, கழுத்து நின்றுவிட்டதா என்று பார்க்கிறார்கள். அதே கூடத்தில், அதே நேரத்தில், தாயிடமும் அந்தத் தாளைக் கொடுத்து, அன்றைக்கே ஒரு பொதுநலச் செவிலியர் அதைப் படித்து அவளோடு தனியே பேசினால் போதும். சில நகராட்சிகள் தம் சொந்த முயற்சியில் இதைச் செய்துவருகின்றன. ஒரு தாய் எந்த நகராட்சியில் குடியிருக்கிறாள் என்பது அவள் உயிரைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காகவே தங்கள் முகமையிடம் வருகிறேன். அதற்கான செலவைத் தேசிய உதவித்தொகையில் சேருங்கள். தாய்வீட்டில் பேறு பார்த்த பெண்ணின் விடைகள், பணம் கேட்கும் விண்ணப்பத்தின் இணைப்பாக அன்றி, அவள் திரும்பும் ஊரின் செவிலியர் கைக்கு நேரே சேரும்படி, அவளுடைய சம்மதத்தோடு ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்த நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முன் நகராட்சிகளுக்குச் செல்லும் தங்கள் சுற்றறிக்கையில் இந்த ஒன்றைச் சேர்க்குமாறும், சேர்க்க இயலாதெனில் அதற்கான காரணத்தை வெளிப்படையாக அறிவிக்குமாறும் மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தோக்கியோவில் வாழும் ஒரு நாத்தனார்